கணக்கில் வராத கை

என் அக்காவின் கணவரை மைதானத்தில் எல்லோரும் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் படித்ததென்னவோ ஃபிரிட்ஜ் ரிப்பேர். ஆனால் எங்கள் பேருந்துப் பணிமனையின் பேஸ்பால் அணியில் ஒருவன் முழங்கையைச் சொறிந்தால்கூட, "எங்க, காட்டு" என்று வந்து நின்றுவிடுவார்.

நான் அந்த அணியின் பிட்ச்சர், அதாவது மட்டைக்காரனுக்குப் பந்து எறிகிறவன். பகலில் பேருந்து ஓட்டுகிறேன். எட்டு வருடத்துக்கு முன் எங்களில் தோள் வலிக்காத பிட்ச்சரே கிடையாது. வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு இன்னும் வேகமாக எறிவோம். அதை வீரம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தோம். அத்தான் வந்து அந்த வீரத்துக்கு ஆப்பு வைத்தார்.

கம்பிவேலியில் ரப்பர் பட்டைகளைக் கட்டி, பந்தைத் தொடுவதற்கு முன் பதினைந்து நிமிடம் இழுக்கச் சொன்னார். ஒரு கிலோ எடையைக் கொடுத்துப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கச் சொன்னார். லாரி டயரை அநாயாசமாகப் புரட்டும் மெக்கானிக்குகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பெரிய தசைங்க பந்தை எறியும். எறிஞ்ச கையைப் பிடிச்சு நிறுத்துறது தோளுக்குள்ள இருக்கிற சின்னத் தசைங்க. அதுங்களை எவன்டா கவனிக்கிறான்?" என்றார்.

பத்தே நிமிடத்தில் அந்த ஒரு கிலோ எல்லோருடைய சிரிப்பையும் அடக்கிவிட்டது.

அதைவிடக் கொடுமை எண்ணிக்கை. ஒரு ஆட்டத்துக்கு எண்பத்தைந்து பந்து, அப்புறம் நான்கு நாள் ஓய்வு. தலைகீழாக நின்றாலும் எண்பத்தாறாவது கிடையாது. ஒருமுறை இன்னும் ஒரே ஒருவனை வெளியேற்றினால் கோப்பை என்ற இடத்தில் என்னை வெளியே கூப்பிட்டுவிட்டார். தோற்றோம். இரண்டு மாதம் நான் அக்கா வீட்டுப் பக்கமே போகவில்லை. மறு வருடம் தோள் வலி இல்லாமல் முழுப் பருவமும் ஆடியபோதுதான் கோபம் தணிந்தது.

எங்கள் கையை இப்படிப் பொத்திப் பொத்திக் காப்பாற்றியதில் ஒரு சிக்கல். மட்டைக்காரர்கள் அடித்துப் பழக யாராவது பந்து போட வேண்டுமே? அத்தானே போட்டார். வாரத்தில் மூன்று மாலை, ஒவ்வொரு மாலையும் இருநூற்றைம்பது பந்து, எட்டு வருடம். எங்களைப் பட்டை இழுக்க வைத்து மேற்பார்வை பார்ப்பதிலேயே நேரம் போய்விடும். ரிப்பேர் கடைச் சட்டையைக்கூட மாற்றாமல், தோளை ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் நேரே போய் நிற்பார். அந்தப் பந்துகளை யாரும் எண்ணவில்லை. அவரே எண்ணவில்லை.

இந்த வருடம் ஒருநாள் அக்கா போன் செய்தாள்.

"உங்க டாக்டர் இடது கையால தலை வாரிக்கிறார்டா. கேட்டா, ரெண்டு கையும் பழகணுமாம். மேல் அலமாரி டப்பாவை எடுக்க நான் ஸ்டூல் போட வேண்டியிருக்கு."

கெஞ்சிக் கூத்தாடி அவரை நிஜ டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டி அந்த டாக்டர் சொன்னார்: "தசைநார் பாதிக்கு மேல கிழிஞ்சிருக்கு. ஆறு மாசம் பந்தைத் தொடாதீங்க. தொட்டீங்கன்னா மிச்சமும் போயிடும். அப்புறம் ஆபரேஷன் பண்ணினாலும் கை தோளுக்கு மேல போகும்னு சொல்ல முடியாது."

"நான் மெதுவாத்தான் டாக்டர் போடறேன். ஒரு நாளைக்கு நூறு மட்டும் போட்டா பரவாயில்லையா?"

எட்டு வருடமாக நாங்கள் அவரிடம் பேசிய அதே பேரம். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பயிற்சியில் விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். பிறகு கேப்டன் கேட்டான், "அப்போ இன்னைக்கு யாரு பந்து போடறது?"

ஒருவனுக்குத் தோள் லேசாக இறுக்கமாக இருந்ததாம். இன்னொருவன் இன்னும் பட்டை இழுக்கவில்லையாம். நான் ஞாயிற்றுக்கிழமை எண்பத்தைந்து எறிந்தவன், ஓய்வில் இருந்தேன். சாக்கு ஒவ்வொன்றும் அத்தான் கற்றுக்கொடுத்த விதிதான். நன்றாகவே படித்திருந்தோம்.

அவர் எங்களைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பார்வையில் பெருமை இருந்தது.

"கரெக்ட். வர்ற ஞாயிறு அரையிறுதி. யாரும் கையைக் கெடுத்துக்காதீங்க. இருபதே இருபது பந்து, நான் போடறேன்."

டாக்டர் சொன்னதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன் நான் ஒருவன்தான். "இருபதுதானே, பார்த்து போடுங்க அத்தான்" என்றேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஏழாவது பந்து பாதி தூரம்கூடப் போகவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார். அப்போதுதான் பதினெட்டுப் பேரும் ஓடினோம். தூக்குவதற்கு ஒருவரும் சாக்குச் சொல்லவில்லை.

ஆபரேஷன் நடந்தது. கை தோள் உயரம் வரை வருகிறது, அதற்கு மேல் வராது. கடையில் ஃபிரிட்ஜைத் தூக்க இப்போது ஓர் ஆள் இருக்கிறார். பருவம் முடிந்ததும் போட்டி நடத்தும் சங்கத்திலிருந்து படிவம் வந்தது. இந்த வருடம் உங்கள் அணியில் காயமடைந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தார்கள். அத்தானின் வலது கைக்குப் பேனா பிடிக்கும் பலம் இன்னும் வராததால் நான் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பேனாவோடு உட்கார்ந்தேன்.

"பூஜ்யம்னு போடு மாப்ளே. எட்டு வருஷத்துல முதல் தடவை!"

"உங்க கை?"

"நான் ஆட்டக்காரங்க லிஸ்ட்லயே இல்லையே."

நான் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினேன். அவருக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"எழுதுடா. உன் கைக்கு என்ன, நல்லாத்தானே இருக்கு?"