நான்காவது பாட்டின் கடைசியில் கத்தும் பெண்

அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில் ஒரு வதந்தி உண்டு. ‘நனைந்த அட்டைப்பெட்டி’ என்று தங்களுக்குத் தாங்களே பெயர் சூட்டிக்கொண்ட உள்ளூர் ராக் குழுவின் முதல் ஆல்பத்தில், நான்காவது பாட்டின் கடைசியில் ஒரு பெண் கத்துகிறாள் அல்லவா, அவள் கத்திய மூச்சிலேயே செத்துப்போனாளாம். கல்லூரிப் பிள்ளைகள் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்பார்கள்.

விசாரித்துப் பார்த்ததில், செத்தவள் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் உருளைக்கிழங்கு மசியல் பரிமாறிக்கொண்டிருந்தாள். பெயர் ஓலீட்டா கோம்ஸ். முழங்கால் வலியைத் தவிர மரணத்தின் அறிகுறி எதுவும் இல்லை.

ஆல்பம் பதிவானது பல வருடங்களுக்கு முன், அவள் பக்கத்து வீட்டு நிலவறையில். ஒரு ஞாயிறு மதியம், நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய கணவன் வெர்லின் முன்வாசலில் சாய்ந்திருந்தான். டிரம்ஸ் அடித்த அடியில் அலமாரித் தட்டுகள் ஆடின. ஓலீட்டா போய் நிலவறைக் கதவை உதைத்துத் திறந்தாள்.

“நிறுத்துங்கடா! செத்தவனே எந்திரிச்சு வந்துருவான், என்னா அடி அடிக்கிறீங்க!”

வாசலிலிருந்து வெர்லின் இருமலும் சிரிப்புமாகக் குரல் கொடுத்தான். “விடு ஓலீட்டா, பசங்க அடிக்கட்டும். வீட்டுல உசுரு இருக்கற மாதிரி இருக்கு.”

மைக் ஓடிக்கொண்டிருந்தது; இரண்டு குரலும் பதிவாயின. பையன்கள் எதையும் அழிக்கவில்லை.

மறுநாள் மனசு உறுத்தி, சூரை மீனும் நூடுல்ஸும் சீஸும் சேர்த்துச் சுட்டுக் கண்ணாடிப் பாத்திரத்தோடு பையன்களுக்குக் கொடுத்தனுப்பினாள். அடியில் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. அந்தத் தெருவின் சட்டம் அது: பாத்திரம் திரும்பி வரவேண்டும், வெறுமையாய் வரக்கூடாது. குழு அந்தப் பாத்திரத்தைச் சிகரெட் சாம்பல் கிண்ணமாக்கி ஊர் ஊராகக் கொண்டுபோனது என்பது இன்னொரு வதந்தி. விசாரிக்காமல் விடுவதே மரியாதை.

அந்த இலையுதிர்காலத்திலேயே வெர்லின் போய்ச் சேர்ந்தான். அவன் குரல் வேறெங்கும் பதிவாகியிருக்கவில்லை. ராக் என்றாலே முகம் சுளிக்கும் ஓலீட்டா, ஆல்பத்தின் கேசட்டை வாங்கி அந்த ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். நாடா தேய்ந்தது. ஒருநாள் டேப் ரெக்கார்டர் அதைத் தின்றே விட்டது. கடைகளில் ஆல்பம் தீர்ந்து பல வருடமாகியிருந்தது.

போன வசந்தத்தில் அந்தக் குழுவின் பாடகன் ரஸ் வந்தான். தலையில் முடி போய், முகத்தில் பணிவு வந்திருந்தது.

“மிஸஸ் கோம்ஸ், ஆல்பத்தை மறுபடி வெளியிடறாங்க. நல்ல சேதி கேளுங்க. அந்தக் கத்தல், இருமல் எல்லாத்தையும் சுத்தமா எடுத்துடறாங்க. இனிமே ஒருத்தனும் உங்க வாசல்ல வந்து ‘ஒரு தடவை கத்துங்க’ன்னு நிக்கமாட்டான்.”

ஓலீட்டா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “என் கத்தலை வேணா எடுத்துக்கோடா. அந்த இருமலை விட்டுரு, அதுல அந்த மனுசன் இருக்காரு.”

புரிந்ததும் ரஸ் கையை விரித்தான். “கம்பெனிக்காரன் முடிவு பண்ணிட்டான். என் கையில இல்லயே...”

“அன்னிக்கு நான் நிறுத்தச் சொன்னப்போ மட்டும் என் பேச்சைக் கேட்டியா? அதே மாதிரி அவன் பேச்சையும் கேக்காத.”

“பேசிப் பாக்கறேன்.” அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

“ரஸ், என் பாத்திரம் உன்கிட்டதான இருக்கு?”

“ஐயோ, இருக்கு, இருக்கு.”

“கொண்டு வா. வெறும் பாத்திரத்தோட வராத, தெரியும்ல?”

வேலை முடிந்து வந்ததும் ஓலீட்டா தெருவைப் பார்க்க நாற்காலி போட்டு உட்காருகிறாள். பக்கத்து வீடு அமைதியாக இருக்கிறது. பாத்திரம் இன்னும் வரவில்லை.