ரசத்தில் ஒரு சிட்டிகை

என் மகளுக்குக் கோதுமை ஆகாது என்று டாக்டர் சொன்ன அன்றே சப்பாத்தி, ரவை, பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். சமையல் விஷயத்தில் நான் கெட்டிக்காரி. அப்படியும் அவளுக்கு வயிற்றுவலி நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒளித்து பிஸ்கட் தின்கிறாள் என்று நானே முடிவுகட்டி, ஒருநாள் அடித்தும்விட்டேன். "இல்லம்மா" என்று அழுதாள். நான் நம்பவில்லை.

சேர்வராயன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஒரு சின்ன மெஸ்ஸில் உட்கார்ந்தோம். "பாப்பாவுக்குக் கோதுமை ஆகாதுங்க. சோறும் ரசமும் போதும்" என்றேன்.

பரிமாற வந்த அம்மா கரண்டியை நிறுத்தினார். "ஏனுங்க, ரசத்துல பெருங்காயம் இருக்குதுங்களே. அதுல கோதுமை மாவு கலந்திருக்குதுங்க" என்று டப்பாவையே கொண்டுவந்து காட்டினார். பொடி எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

எங்கள் அடுக்களையிலும் அதே டப்பாதான். அவளுக்கு வயிறு வலித்த நாளெல்லாம், வலி கேட்கட்டும் என்று ரசத்தில் பெருங்காயம் ஒரு சிட்டிகை கூடுதலாகவே போட்டிருக்கிறேன்.

மகள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப நான் பிஸ்கட் திங்கலதானேம்மா?"

இன்றும் எந்த டப்பாவையும் படித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. அவள் "இல்லம்மா" என்றால் மட்டும், மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்பதில்லை.