சாரத்தின் மேல் வாங்கிய சத்தியம்

தாராவியில் எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து கட்டிய அம்மன் கோயிலைப் புதுப்பித்துக் கும்பாபிஷேகம் நடந்தது. அன்றைக்கு நான் செய்ததற்கு அம்மனிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னவர்கள் நிறையப் பேர். வெள்ளிக்கிழமை தவறாமல் அவளுக்கு விளக்குப் போடுகிறவன் நான். ஆனாலும் இதுவரை கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.

என் அண்ணன் ராணுவத்தில் பாராசூட் படையில் இருந்தான். லீவில் வந்தால் பட்டாளத்துக்காரன் என்ற மிதப்பே இருக்காது. எங்கள் வீட்டுத் தொழில் இட்லி. கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாவு தள்ளிக்கொண்டே கதை சொல்லுவான்.

"ப்ளேன் கதவைத் திறந்ததும் காத்து மூஞ்சியில அறையும்ல. மொத தடவை எனக்குக் காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடிச்சு. பச்சை லைட் எரிஞ்சா யோசிக்கப்படாது. பின்னால ஒருத்தன் நிக்கான்லா, நீ நின்னா அவனும் நிக்கணும்."

அவனுடைய அரக்குச் சிவப்புத் தொப்பியை நான் ஒருநாள் தரையில் வைத்துவிட்டேன். அப்போதுதான் அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். "எங்களுக்கு முன்னால இருந்தவிய எதிரிக்குப் பின்னால போய்க் குதிச்சிருக்காவ. கீழ யாரு துப்பாக்கியோட நிக்கான்னே தெரியாது. அவிய போட்ட தொப்பி இது. தரையில வைக்காத" என்றான். அம்மா அதை வாங்கி முருகன் படத்துக்குக் கீழே வைத்தாள்.

பயிற்சியில் குதித்தபோதுதான் அவன் போனான். காற்று திரும்பி, புதிதாக வந்த ஒருவரின் குடையும் இவன் குடையும் சிக்கிக்கொண்டன. அவரை விலக்கிவிட்டுத் தன்னுடையதைச் சரி செய்வதற்குள் தரை வந்துவிட்டது. சவப்பெட்டியோடு வந்த சிப்பாய் இதை அம்மாவிடம் இந்தியில் சொல்லி அழுதார். அம்மாவுக்கு இந்தி சரியாக வராது. ஆனாலும் புரிந்துகொண்டாள்.

கோயில் ஹாலில் எங்கள் ஊர்ப் பட்டாளத்துக்காரர் ஒருவரின் படம் மாட்டியிருக்கிறது. எல்லையில் சுடப்பட்டு இறந்தவர். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மா கமிட்டித் தலைவரிடம் போய், தன் பிள்ளையின் படத்தையும் அதன் பக்கத்தில் மாட்டும்படி கேட்டாள். நான் கூட நின்றேன்.

"சண்டையில செத்தாத்தான் வீரன். இது ஆக்சிடென்ட். விழுந்து செத்தவன் போட்டோவையெல்லாம் மாட்டணும்னா, டெய்லி லோக்கல் ட்ரெயின்ல விழுதானே, அவன் போட்டோவையும்லா மாட்டணும்?" என்றார் தலைவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து அந்தக் கோயில் படியை அவள் மிதிக்கவில்லை. நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். எல்லாரும் பிள்ளை வரம், வேலை, வீடு என்று கேட்டார்கள். நான், அந்த ஆளை என் கையில் கொடு தாயே என்று கேட்டேன்.

அவள் கும்பாபிஷேகம் வரைக்கும் காத்திருந்து கொடுத்தாள்.

எங்கள் கோயிலில் ஒரு முறை உண்டு. யாகசாலையில் இருந்து புனித நீர்க் குடத்தைத் தலையில் ஏற்றிவிட்டால், கலசத்தில் ஊற்றும்வரை எங்கும் இறக்கக் கூடாது. காப்புக் கட்டியவன் தவிர வேறு யாரும் தொடவும் கூடாது. முதல் குடம் தலைவருக்கு. அடுத்த குடத்துக்கு, தலைச்சுமையோடு ஏறிப் பழகியவன் என்று குருக்கள் என்னைக் கேட்டார். தினம் இட்லிக் கூடையைச் சுமந்து மாட்டுங்கா, செம்பூர் என்று மாடி மாடியாக ஏறுகிறவன் நான். தலைவரால் மறுக்க முடியவில்லை; எனக்கும் காப்புக் கட்டினார்கள்.

குருக்கள் முன்னால் ஏறிவிட்டார். அடுத்து பட்டு வேட்டியும் மாலையுமாகத் தலைவர், அவருக்குப் பின்னால் நான். மூங்கில் சாரத்தின் கடைசித் தட்டில் நின்று அவர் கீழே பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. அவருடைய கால்கள் வெடவெடவென்று ஆடத் தொடங்கின. இரண்டு கையும் குடத்தில் இருந்தன. மூங்கிலைப் பிடிக்க ஒரு கையும் மிச்சமில்லை.

"நேரமாறதுங்க, வாங்கோ!" என்றார் குருக்கள்.

"எலே," என்றார் தலைவர் என்னைப் பார்த்து, மெல்ல. "குடத்தை வாங்கிக்கலே. விழுந்துருவேன்."

மந்திரம் தெருவுக்குக் கேட்க வேண்டும் என்று குருக்களின் மைக்கைப் பக்கத்து மூங்கிலில்தான் கட்டியிருந்தார்கள். 'விழுந்துருவேன்' என்பது தெரு முழுக்கக் கேட்டது. கருடன் வருகிறதா என்று அண்ணாந்து நின்ற கூட்டம் மொத்தமும் இப்போது தலைவரைப் பார்த்தது.

என் குடத்தை ஒரு கையால் பிடித்தபடி நான் அசையாமல் நின்றேன்.

"அண்ணாச்சி, எங்க அண்ணன் விழுந்தானா, குதிச்சானா?"

"ஏலே, இப்பவா கேக்கது!"

"சொல்லுங்க அண்ணாச்சி. எனக்கு அவசரமில்லை."

"குதிச்சான்ல!"

"எதுக்குக் குதிச்சான்?"

"நாட்டுக்குத்தான்ல! குடத்தைப் பிடி!"

"போட்டோ?"

"மாட்டுதேன். அம்மன் மேல சத்தியமா மாட்டுதேன்."

"வருசா வருசம் ஆகஸ்ட் பதினஞ்சுக்கு உங்க கையால மாலை."

"போடுதேன்யா, போடுதேன்!"

கீழே விசில் பறந்தது. அவருடைய குடத்தை இன்னொரு கையில் வாங்கிக் குருக்களிடம் நீட்டினேன். குருக்கள் என்னை முறைத்துக்கொண்டே வாங்கினார். இரண்டு குடத்து நீரும் கலசத்தில் இறங்கியது. தலைவரை இரண்டு பேர் இடுப்பைப் பிடித்து இறக்கினார்கள்.

சாமி காரியத்தில் பழி தீர்க்கலாமா என்று என் மனைவியே கேட்டாள். நான் யாரையும் தள்ளிவிடவில்லை. ஒரு மனிதனுக்குக் கால் நடுங்கும் உயரம் எது என்று காட்டினேன், அவ்வளவுதான். என் அண்ணனுக்கும்தான் நடுங்கியது. அவன் அதற்குப் பிறகும் கதவைத் தாண்டினான். ஒரு தடவை இல்லை, கூப்பிட்டபோதெல்லாம்.

இப்போது அண்ணனின் படம் ஹாலில் இருக்கிறது. கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தத் தொப்பி. ஆகஸ்ட் பதினைந்தில் அம்மா முன்வரிசையில் வந்து உட்காருகிறாள். தலைவர் மாலையோடு ஸ்டூலில் ஏறுகிறார். ஏறாமல் எட்டாது. கால் ஆடுகிறது. ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள நான்தான் நிற்கிறேன்.

"மெதுவா அண்ணாச்சி, விழுந்துராதீங்க" என்பேன், அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி.

படத்துக்கு ஆணி அடித்தது நான். எவ்வளவு உயரத்தில் அடிக்க வேண்டும் என்று யோசித்துத்தான் அடித்தேன்.