ஆள் பிடிக்க வந்தவர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, அதிராம்பட்டினத்தில் எங்கள் வீட்டிலேயே நடந்தது இது. மகள் அப்போதுதான் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்திருந்தாள். நல்ல மார்க். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. படிப்பில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். சவூதியில் இருக்கும் என் கணவருக்கு அதுதான் கனவு. அவரும் டிப்ளமோதான். டிகிரி இல்லாததால், தான் வேலை கற்றுக்கொடுத்த பையன்களுக்குக் கீழேயே இன்றும் வேலை பார்க்கிறார்.

நானோ பிறவிச் சந்தேகக்காரி. கடையில் வாங்கிய உப்பைக்கூட நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் டப்பாவில் கொட்டுவேன். ரிசல்ட் வந்ததிலிருந்து ஏதேதோ கல்லூரிகளிலிருந்து போன் மேல் போன். எங்கள் நம்பரை யார் கொடுத்தார்களோ! எல்லாரையும் திட்டித் தீர்த்தேன்.

ஒரு தனியார் கல்லூரி மட்டும் ஆளையே அனுப்பியது. ஒருவர் பெரியவர், இன்னொருவர் இளம் வாத்தியார். பெரியவருக்கு என் பலவீனம் எப்படியோ தெரிந்துவிட்டது. “கவுன்சிலிங் போனா கோயம்புத்தூர்ப் பக்கம் தூக்கிப் போட்டுடுவாங்கம்மா. பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்புவீங்களா? எங்க பஸ் உங்க தெருவுக்கே வரும்” என்றார். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைக் கொடுத்தால் இடம் உறுதியாம். உப்பைச் சோதிப்பவள் அங்கேதான் சறுக்கினேன். பீரோவைத் திறக்க எழுந்தேன்.

அந்த நேரம் பெரியவருக்கு போன் வர, வாசலுக்குப் போனார். இளம் வாத்தியார் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவசரமாக, “அம்மா, ஒரிஜினலைக் குடுத்துடாதீங்க. அப்புறம் திரும்ப வாங்க முடியாது. கவுன்சிலிங் பதிவுக்கு நாளைக்குத்தான் கடைசி நாள். தஞ்சாவூர் உதவி மையத்துக்குப் போங்க. இந்த மார்க்குக்கு அரசு காலேஜே கிடைக்கும். நானும் டிப்ளமோ படிச்சு அப்படி வந்தவன்தான்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சம்பளம் கொடுக்கிற கல்லூரிக்கு எதிராக யாராவது பேசுவார்களா? வேறு கல்லூரி இவனுக்குக் கமிஷன் கொடுக்கிறதோ? எதற்கும் இருக்கட்டும் என்று, பெரியவர் திரும்பியதும், “சர்டிபிகேட் எங்க காக்கா வீட்ல இருக்கு. நாளைக்கு சாயந்தரம் வாங்க” என்று அண்ணனைச் சாக்குச் சொல்லிச் சமாளித்தேன்.

கணவரிடம் சொன்னால், “இது என்ன புது நாடகம்? உஷாரா இரு” என்றார். மறுநாள் முதல் பஸ்ஸில் மகளோடு தஞ்சாவூர் போனேன். கவுண்டரில் இருந்த பெண்ணையும் நம்பாமல், கேட்டதையே மாற்றி மாற்றிக் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்ன அத்தனையும் அந்த வாத்தியார் சொன்னதுதான். பதிவு செய்துவிட்டுத் திரும்பினோம்.

சாயங்காலம் சொன்னபடி இருவரும் வந்தார்கள். கவுன்சிலிங்கில் பதிந்துவிட்டோம் என்றதும் பெரியவர் முகம் கறுத்தது. “நேத்து வரைக்கும் சரின்னு சொன்னீங்க. யாரு உங்க மனசைக் கலைச்சது?” என்று கேட்டபடி மெதுவாகத் திரும்பி வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் குனிந்த தலை நிமிரவில்லை. அவர் வேலை என் வாயில்தான் இருந்தது.

“யாரு கலைக்கணும்? புள்ளையோட வாப்பாவுக்குப் பிடிக்கல. ராத்திரி பூரா போன்ல என்னை ஏசினாரு. இந்தத் தம்பி பேசினதை நம்பி ஒங்க காலேஜுக்கே அனுப்பிடலாம்னுதான் நானும் இருந்தேன்” என்று கூசாமல் பொய் சொன்னேன். பெரியவர் நம்பினாரா, தெரியாது. முணுமுணுத்துக்கொண்டே காரில் ஏறினார். வாத்தியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மகளுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது, இப்போது கடைசி வருடம் படிக்கிறாள். செய்தி சொல்லி நன்றி சொல்ல எத்தனையோ முறை நினைத்தேன். கையில் இருப்பது அந்தக் கல்லூரியின் நம்பர்தான். யார் எடுப்பார்களோ என்று பயந்து கூப்பிட்டதே இல்லை. தொழுகையில் அவருக்காக துஆ கேட்பதோடு சரி.

சந்தேகப்புத்தி இன்னும் போகவில்லை. ஆனால் யாராவது வலிய வந்து நல்லது சொன்னால், இவருக்கு இதில் என்ன லாபம் என்று யோசிக்கும் முன், இதைச் சொல்வதால் இவருக்கு என்ன நஷ்டமோ என்றுதான் இப்போது நினைக்கத் தோன்றுகிறது.