பத்துப் பேர் வந்த வியாழக்கிழமை

கண்ணாடி துடைக்கிற "வினாகிரி"யின் புளித்த மணம் மூக்கில் ஏறினால், இத்தாலியின் பாலெர்மோ நகரத்தில் எந்தத் தெருவில் நின்றாலும், லிபெர்த்தா வீதியில் ஒரு மூன்றாம் மாடி வீடும் அதிலிருந்த ஏழு கண்ணாடிகளும் எனக்கு வரிசையாக நினைவுக்கு வரும்: வாசலில் ஒன்று, சாப்பாட்டறையில் இரண்டு, படுக்கையறை அலுமாரியில் மூன்று, குளியலறையில் ஒன்று. அம்மா அந்த வீட்டில் வேலை செய்தார். பள்ளி விட்டதும் நான் நேரே அங்கே போய், அவர் வேலை முடிக்கும்வரை சமையலறை மேசையில் இருந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். எனக்கு அப்போது பதினொரு வயது. வீட்டுக்காரி ஆதா அம்மையார், எங்களுக்குச் "சினோரா", எண்பதை நெருங்கிய யூதப் பெண்மணி. கணவர் இறந்து நெடுங்காலம், பிள்ளைகள் இல்லை.

ஒரு தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை நான் போனபோது, ஏழு கண்ணாடிகளும் வெள்ளைப் படுக்கை விரிப்புகளால் மூடியிருந்தன. முதல்நாள்தான், வடக்கே வேறொரு நகரத்தில், சினோராவின் தம்பி ஆல்தோவை அடக்கம் செய்திருந்தார்கள். இதயம் பலவீனமான சினோராவைப் பயணம் செய்யக் கூடாதென்று டாக்டர் தடுத்துவிட்டார். ஆகவே அவர்களுடைய ஏழு நாள் துக்கத்தை அவர் இங்கே தனியாகக் காத்தார். அலுமாரிகளின் அடித்தட்டுகளைத் துடைக்க அம்மா வைத்திருந்த கட்டைக் கதிரையைக் கேட்டு வாங்கி, கழுத்தோரம் கிழித்த சட்டையோடு, தோற்செருப்பில்லாமல் அதில் இருந்தார்.

அம்மாவுக்கு இதில் பாதி சொல்லாமலே விளங்கியது. "எங்கடை செத்தவீடு மாதிரித்தான். அயலிலை இருந்துதான் சாப்பாடு வரவேணுமாம்," என்று, ஒரேத்தோவிலிருந்த எங்கள் வீட்டில் சமைத்த பருப்பையும் அவித்த முட்டையையும் கொண்டுபோனார். மற்றப் பாதி விளங்கவில்லை. திங்கள் மாலை சினோரா கழற்றிப் போட்டிருந்த சட்டையின் கிழிசலை, தையல் தெரியாத அளவுக்கு நுணுக்கமாக அவர் தைத்து வைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை நான் பார்த்துக்கொண்டிருக்க, சினோரா நகம் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோலால் அதை இழை இழையாகப் பிரித்தார். கோபிக்கவில்லை. "கிழிந்தது தெரிய வேண்டும்," என்று மட்டும் சொன்னார்.

அவரை அரித்தது வேறொன்று. இறந்தவருக்காக நெருங்கிய உறவுகள் சொல்லும் "கதீஷ்" என்ற பிரார்த்தனை அவர்களிடம் உண்டு. அதைத் தனியே சொல்ல முடியாது. பத்து ஆண்கள் கூடி நிற்க வேண்டும். ஆல்தோவின் குழியருகே நின்றவர்கள் ஏழு பேர்தான் என்று தம்பியின் பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். பிரார்த்தனை சொல்லாமலே மண் போட்டுவிட்டார்கள். ஏழு நாள் முடிவதற்குள் இந்த வீட்டிலாவது அது சொல்லப்பட வேண்டும். சினோரா வேறெதையும் கேட்கவில்லை.

அவருக்குக் கண் மங்கலாகையால், அவருடைய பழைய விலாசப் புத்தகத்தைப் பார்த்து நான்தான் எண்களைச் சுழற்றினேன். பதினான்கு பெயர்கள். ஆறு பேர் இறந்திருந்தார்கள். நான்கு பேர் மிலானோவுக்கும் அதற்கு அப்பாலும் போயிருந்தார்கள். இரண்டு எண்களில் வேறு குடும்பங்கள் பேசின. மிஞ்சியவர்கள் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவரும் துணி வியாபாரி ஒருவரும். நான் பெயர்களின் மேல் விரல் வைத்து "ஒன்று, இரண்டு" என்றபோது சினோரா என் விரலைப் பிடித்தார். ஆட்களை எண்ணக் கூடாதாம், அது ஆகாதாம். பத்துச் சொற்கள் கொண்ட ஒரு வேத வரியை, ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லித்தான் பார்ப்பார்களாம். அவர் சொல்லத் தொடங்கினார். இரண்டாம் சொல்லோடு நின்றுவிட்டது.

பேருந்தில் வரும்போது அம்மா கேட்டார்: "எத்தினை பேராம் வேணும்?"

"பத்து ஆம்பிளையள்."

"பத்துப் பேரோ? இதுக்கோ அந்த மனுசி அழுகுது?"

அந்தப் பத்துப் பேரும் யூதர்களாக இருக்க வேண்டுமென்று சினோரா சொல்லவில்லை. அவருக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய விடயமல்ல. நானும், இத்தாலிய மொழி சரியாக விளங்காத அம்மாவுக்கு, அவர் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் தமிழில் சொன்னேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

வியாழன் பின்னேரம் வீட்டு வேலைக்காரருக்கு அரைநாள் ஓய்வு. புதன் மாலை, அம்மா சொல்லியனுப்பி, எங்கள் வீட்டில் ஊர் ஆட்கள் நிறைந்திருந்தார்கள்.

"தலையை மூட வேணுமாம்," என்றார் அம்மா.

"என்ரை தலையிலை மூடுறதுக்கு ஒண்டும் இல்லையே அக்கா," என்றார் வழுக்கைத் தலைக் கந்தசாமி மாமா.

"நான் ஹெல்மெட்டோடை வாறன்," என்றார் ரவியண்ணன். அவர் மொண்டெல்லோவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுபவர்.

"பகிடி விடாதை. செத்தவீடு."

"விளங்குது அக்கா. எங்கடை குசினித் தொப்பி பத்துக் கொண்டுவாறன்."

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு, ஒருவரும் பிந்தாமல், பத்துப் பேரும் படியேறி வந்தார்கள். இஸ்திரிப் பெட்டி போட்ட சேட்டு, ரவியண்ணன் கொண்டுவந்த வெள்ளைக் கடதாசித் தொப்பி, வாசலில் கழற்றி வரிசையாக வைத்த சப்பாத்துகள். ஊரில் செத்தவீட்டுக்குப் போகிறவர்களைப் போலக் கைகளைக் கட்டிக்கொண்டு சாப்பாட்டறைச் சுவரோரம் நின்றார்கள்.

சினோரா கட்டைக் கதிரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். அந்த வரியை உதட்டுக்குள் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு சொல். பத்தாவது சொல் கந்தசாமி மாமாவின் முகத்தில் முடிந்தது. சினோராவின் கை மடியிலிருந்த புத்தகத்தைத் திறந்து, சற்று நேரம் அப்படியே பிடித்திருந்து, பிறகு மூடியது.

என்னை அருகே அழைத்தார். "இவர்கள் நல்ல மனிதர்கள் என்று அம்மாவிடம் சொல். ஆனால் எங்களவர் பத்துப் பேர் வேண்டும். இது ஆகாது."

"என்னவாம்?" என்றார் அம்மா.

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "சொல்லியாச்சாம் அம்மா. மனசுக்குள்ளை சொல்லிப்போட்டாவாம். எல்லாருக்கும் பெரிய நன்றியாம்."

அம்மாவின் முகத்தை அவ்வளவு நிறைவோடு நான் அதற்கு முன் கண்டதில்லை. கந்தசாமி மாமா தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "அப்பு செத்தநேரம் பெர்மெஸ்ஸோ விசா இல்லாததாலை நான் ஊருக்குப் போகேல்லை. இஞ்சை ஒரு ஆளுக்கெண்டாலும் நிண்டனான்," என்றார். சினோரா அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். நான் கேட்காதது போல வாசலுக்குப் போய்ச் சப்பாத்துகளை எடுத்துக் கொடுத்தேன்.

ஏழாம் நாளான ஞாயிறு காலை சினோரா கட்டைக் கதிரையை விட்டு எழுந்தார். அவர்களுடைய வழக்கப்படி அவரைக் கைபிடித்துக் கட்டடத்தை ஒருமுறை சுற்றிக் கூட்டிவந்தோம். அம்மா விரிப்புகளை எடுத்துவிட்டு, ஏழு கண்ணாடிகளையும் வினாகிரி போட்டுத் துடைத்தார். ஆல்தோவுக்கான பிரார்த்தனையைப் பற்றிச் சினோரா பிறகு பேசவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவரும் போனார். தூரத்து உறவினர் ஒருவர் வந்து, ஒரே காலையில் மாநகரத்துப் பொதுக் கல்லறையில் எல்லாவற்றையும் முடித்தார். அம்மா கண்ணாடிகளில் போட்டிருந்த விரிப்புகளை, சாமான் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று அந்த உறவினர் கழற்றச் சொன்னார்.

"அந்தப் பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு வரட்டே? இந்த மனுசிக்கும் ஒருக்காச் சொல்லலாம்," என்றார் அம்மா.

"வேண்டாம் அம்மா."

"உனக்கு எல்லாத்துக்கும் வெக்கம்," என்று அவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

உண்மையைச் சொல்ல எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. சொல்லவில்லை. போன வைகாசியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆல்தோவுக்கு நாங்கள் செய்ததுக்கு, எனக்கும் ஆரும் வந்து நிப்பினம்," என்றார். நான் "ஓம்" என்றேன்.

அந்தப் பத்துப் பேரில் ஐவர் லண்டனிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். நால்வர் இறந்துவிட்டார்கள், ரவியண்ணனும் அவர்களில் ஒருவர். லிபெர்த்தா வீடு இப்போது உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் அறைகள். அம்மா இறந்து எட்டாம் நாள், எட்டுச் செலவுக்குக் கந்தசாமி மாமா பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆருடைய செத்தவீடு என்று அவனிடம் இரண்டு தரம் கேட்டார். என் மகனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தேவாரப் பதிகத்தை நானே படித்தேன். கூடப் படிக்க ஒரு குரலும் எழவில்லை. எங்கள் சடங்குக்கு இத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கில்லை. ஆனாலும் படித்து முடிந்ததும் கூடத்தைப் பார்த்தேன். வாடகைக்கு எடுத்துப் போட்ட கதிரைகள் வெறுமனே கிடந்தன. வந்திருந்தவர்களுக்குச் சினோராவின் பத்துச் சொல் வரியைச் சொல்லிப் பார்த்திருந்தால், மூன்றாம் சொல்லுக்கு ஆள் இருந்திருக்காது.