உட்கார்ந்த முதுகுக்கு ஒரு கோட்டு

எங்கள் தொழிற்சாலையில் அம்மா அப்பா வைத்த பெயர் செல்லாது. தைக்கிற துண்டுதான் பெயர். நான் ஸ்லீவ், பதினாறு வருஷமாக. எதிர் வரிசையில் பாக்கெட், அவளை ஒட்டி பட்டன். என் தங்கை காலர். எட்டு வருஷம் காலர் மட்டுமே தைத்தாள். முழுச் சட்டையைக் கையில் கொடுத்தாலும் கழுத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்று அவளைக் கிண்டல் செய்வோம்.

இருபத்தேழு வயதில் அவள் ஃபேஷன் டிசைன் படிக்கப் போகிறேன் என்று வந்து நின்றாள். "துணி தைச்சு அலுத்துப்போச்சுன்னு துணி தைக்கப் படிக்கப் போறியாக்கும்" என்றாள் அம்மா. வகுப்பில் மற்றவர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். முதல் நாள் இவள் உள்ளே போனதும் டீச்சர் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றார்களாம். இவளும் சும்மா இருக்காமல், "உக்காருங்க உக்காருங்க" என்றிருக்கிறாள். அப்படி ஒரு வாய்.

கடைசி வருஷம் ஒவ்வொருவரும் ஆறு உடைகள் செய்து ராம்ப் மேடையில் காட்ட வேண்டும். காட்டினால்தான் பட்டம். ஒரு பையன் கிழிந்த குடைத் துணியில் கவுன்கள் தைத்தான். ஒரு பெண் குளியலறைத் திரையை வெட்டி ஆளுயர இறக்கைகள் செய்தாள். நிஜமாகவே அழகாக இருந்தது. வாசல் கதவில்தான் நுழையாது.

இவள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு எங்கள் சாப்பாட்டு இடைவேளைக்கு வந்தாள். என்னை மெஷின் முன்னால் உட்கார வைத்தாள்.

"நிமிராதக்கா. தைக்கிற மாதிரியே இரு."

கழுத்துக்குப் பின்னால் நாடாவை வைத்து இடுப்புவரை இழுத்தாள். இரண்டு தோளையும் அளந்தாள். "வலது தோள் ஒண்ணரை விரல் இறக்கம். முதுகு ரெண்டு இஞ்ச் கூடுதல்" என்று உரக்கச் சொல்லி எழுதினாள். சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"என்னடி, என் ஊனத்தை ஊருக்குச் சொல்றியா?"

"நீ போடுற சட்டையெல்லாம் பின்னாடி தூக்கிக்கிட்டு, கழுத்தைப் பிடிச்சு இழுக்குதா இல்லையா?"

இழுக்கத்தான் செய்யும். என் உடம்பு வாகு சரியில்லை என்று அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். எந்தக் கடைக் கண்ணாடியிலும் நான் பின்பக்கம் பார்த்ததில்லை.

எங்களில் ஆறு பேரை அளந்து ஆறு கோட்டு தைத்தாள். அடர் நீலம், உள்ளே செங்கல் நிற லைனிங். கழுத்தில் சைஸ் எண் இருக்க வேண்டிய லேபிளில் எனக்கு, 'ஸ்லீவ், 16 வருஷம்' என்று நூலால் எழுதியிருந்தாள்.

கல்லூரியில் ஒரு விதி உண்டு. எந்த உடையும் முதலில் அங்கிருக்கும் பொம்மைக்குப் போட்டுப் பார்க்கப்படும். அதில் சரியாக நின்றால்தான் ராம்ப்புக்குப் போகும். பொம்மைக்கு என்ன, தோள் இரண்டும் ஒரே மட்டம், முதுகு சுவர் மாதிரி. ஒருநாள் கூட வேலைக்குப் போகாத உடம்பு. என் கோட்டை அதற்கு மாட்டியதும் முதுகில் துணி மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. வலது தோள் சரிந்தது.

துறைத்தலைவி மேடம் முப்பது வருஷம் துணி வெட்டியவர். சுற்றிவந்து பார்த்துவிட்டு, "காலர் அவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க. முதுகு ஏன் இப்படி?" என்று கேட்டார்.

"அது உட்கார்ந்து வேலை செய்றவங்க முதுகு மேடம்."

"அளவு பொம்மைக்குத்தான். மூணு நாள்ல பின்பக்கத்தை வெட்டித் தோளைச் சமப்படுத்திக் கொண்டாங்க. இல்லைன்னா லிஸ்ட்ல பேர் வராது."

'பின்பக்கம் மிகை, திருத்தம் தேவை' என்று எழுதிய தாளோடு வீட்டுக்கு வந்தாள். நான் கத்தரிக்கோலை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "வெட்டிடு. நாலு வருஷம் இதுக்குத்தானே நாயா அலைஞ்ச? ரெண்டு இஞ்ச் துணி, பட்டத்தைவிடப் பெரிசா?"

அவள் சண்டைக்கு வரவில்லை. கோட்டை என் மேல் போட்டு, வீட்டு மெஷின் முன்னால் உட்கார வைத்து, சட்டைக் கைக்கான ஒரு துண்டைக் கொடுத்துத் தைக்கச் சொன்னாள். வழக்கம்போல் குனிந்தேன். கழுத்து இழுக்கவில்லை. இடுப்பில் காற்றுப் படவில்லை. கோட்டு என்னோடு சேர்ந்து குனிந்தது. அந்தத் துண்டை முழுதாகத் தைத்து முடித்த பிறகுதான் நான் அழுதுகொண்டிருப்பதே எனக்குத் தெரிந்தது. முதலில் வந்தது அழுகை, அடுத்து வந்தது ஆத்திரம்.

"கத்தரிக்கோலை உள்ள வை" என்றேன். "எவ சொன்னாலும் வெட்டாத."

மூன்று நாள் கழிந்தது. அவள் வெட்டவில்லை. பட்டியலில் பெயரும் வரவில்லை.

ஆனால் குடும்பத்தாருக்கென்று கொடுத்த ஆறு அனுமதிச் சீட்டுகளை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. நிகழ்ச்சியன்று ஆறு பேரும் அரை நாள் லீவு போட்டு, ஆறு கோட்டையும் மாட்டிக்கொண்டு போனோம். நேராக முதல் வரிசையில் போய் உட்கார்ந்தோம். ஏற்பாட்டாளர் ஒருவர் ஓடிவந்தார்.

"இது விருந்தாளிங்க சீட்டும்மா. பின்னாடி போயிடுங்க."

"நாங்க பார்க்க வரலைங்க, காட்ட வந்திருக்கோம்" என்றேன். "இது உட்காரத் தச்ச துணி. உட்கார்ந்துதான் காட்டணும்."

பாக்கெட் தன் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். மனிதர் போய்விட்டார்.

குடைத் துணி கவுன்கள் போயின. இறக்கைகள் வந்தன. அவை விரிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நாங்களும் தட்டினோம், அந்தப் பெண் உழைத்திருக்கிறாள். ஆனால் ஆறு பேரில் ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை. அத்தனை பேர் நிற்க, முதல் வரிசையில் ஆறு முதுகுகள் மட்டும் குனிந்தபடி உட்கார்ந்திருந்தன.

யாரோ என் பின்னால் வந்து நின்றார்கள். ஒரு கை என் பின்கழுத்தில் பட்டு, தண்டுவடத்தோடு இடுப்புவரை மெல்ல இறங்கியது. துணி வெட்டுகிறவர்கள் மடிப்பைத் தேடும் கை அது. மேடம். தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. கோட்டுக் கழுத்தைப் புரட்டி லேபிளைப் படித்தார். பிறகு பாக்கெட்டின் முதுகு, பட்டனின் முதுகு, ஆறும் பார்த்துவிட்டு என்னிடமே வந்தார்.

"கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க, பார்க்கலாம்."

"முடியாது மேடம். இவ்வளவுதான் நிமிரும்."

கூட்டம் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. மேடம் சுவரோரம் நின்ற என் தங்கையைக் கைகாட்டி அழைத்தார்.

"அந்தத் திருத்தத் தாள் இருக்கா?"

நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்திருந்ததை அவள் எடுத்துக் கொடுத்தாள். மேடம் என் முதுகிலேயே தாளை வைத்து, 'திருத்தம் தேவை' என்ற வரியை அடித்துக் கையெழுத்துப் போட்டார். பேனா நகர்ந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் போட்டு முடிக்கிறவரை நான் அசையவில்லை.