நியூ லின் மண்டபத்தில் நிறுத்தப்பட்ட சண்டை

ஹமில்டனில் இருந்து ஒக்லாந்துக்கு, கதை எழுதி வைத்து ஆடும் மேடை மல்யுத்தம் பார்க்கப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. அதனால் நடை கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும்.

போன மார்ச், ஒரு சனிக்கிழமை. ஜப்பானில் இருந்து வந்திருக்கும் ஃபுமிகா என்ற இருபத்தொரு வயதுப் பெண்ணின் சண்டையைப் பார்க்கப் போனேன். ஜப்பானிய மல்யுத்த நிறுவனங்கள் புதியவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பழக்குவது வழக்கம். பட்டப்பெயரும் பளபளப்பு உடையும் பின்னால்தான் வரும். நாளைக்குப் பெரிய ஆளாகப் போகிறவர்களை இன்றைக்கே பத்தடி தூரத்தில் பார்ப்பதில் எனக்கொரு பைத்தியம்.

காலை பத்தரைக்குக் காரில் புறப்பட்டேன். ஒக்லாந்தின் லின்ஃபீல்டில் இருக்கும் ராஜினி அக்கா வீட்டுக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். அக்கா நர்ஸ். மல்யுத்தம் என்றாலே முகம் சுளிப்பவர், எனக்காக வந்தார். அங்கிருந்து நியூ லின் பதினைந்து நிமிடம். டிக்கெட் 25 டாலர். இரண்டு மணிக்குத் தொடங்கும்; முன்வரிசை வேண்டுமென்றால் ஒன்றரைக்கே போய்விடுங்கள்.

வாசலில் டிக்கெட் கிழித்தது ஃபுமிகாவேதான்! வார நாட்களில் மங்கரேயில் சரக்குக் கிடங்கில் வேலையாம். இன்று எடுக்கும் வீடியோவை டோக்கியோவில் பார்த்துத்தான் தன்னைத் திருப்பி அழைப்பார்கள் என்று சொன்னாள்.

மூன்றாவது சண்டை அவளுடையது. எதிராளி தூக்கி எறிந்ததில் பின்மண்டை மேடை விளிம்பில் அடிபட்டது. எழுந்தாள். ஆனால் யாருமில்லாத மூலையைப் பார்த்துக் கையை ஓங்கினாள். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"சிரிக்காதை," என்றார் அக்கா. "இது நடிப்பில்லை. அவளின்ர கண்ணைப் பார்."

நேரே ஏற்பாட்டாளரிடம் போய், தான் நர்ஸ் என்றும் உடனே நிறுத்தும்படியும் சொன்னார். அந்த ஆள் கண்ணடித்து, "எல்லாம் கதையில் உள்ளதுதான், போய் உட்காருங்கள்," என்றான். கண்ணடித்தான்! அக்கா வேறு பேச்சில்லாமல் மேடையில் ஏறி, ஃபுமிகாவைப் பிடித்து இருத்திவிட்டார். ஊளை கிளம்பியது. பின்னாலிருந்து ஒருவன் உங்கள் நாட்டுக்கே போங்கள் என்று கத்தினான். நான் திருப்பிக் கத்தியதை இங்கே எழுத முடியாது.

திரைக்குப் பின்னால் அக்கா, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். "செவ்வாய்," என்றாள் ஃபுமிகா. சற்றுப் பொறுத்துத்தான் சண்டை நின்றது அவளுக்கு உறைத்தது. "உன்னை யார் கேட்டது? எட்டு மாதம் இதற்காகத்தான் உழைத்தேன்!" என்று ஆங்கிலத்தில் அலறினாள். அழுதபடியே எங்களோடு காரில் வந்தாள். மருத்துவமனையில் மூளை அதிர்ச்சி என்றார்கள். குறைந்தது ஒரு மாதம் மேடை ஏறக்கூடாது. டோக்கியோ அழைப்பு தள்ளிப்போனது.

ஏற்பாட்டாளர் அந்தக் காட்சியை நகைச்சுவை என்று இணையத்தில் போட்டிருக்கிறான். அதில் என் சிரிப்பும் கேட்கிறது. அவன்மேல் வருகிற கோபத்தில் பாதி என்மேலும் வருகிறது.

அக்கா இன்னும் அவளைச் சுகம் விசாரித்துச் செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார். நேற்று அவருக்குப் போன் எடுத்தேன். "ஃபுமிகா இன்னும் உங்களோட கதைக்கிறேல்லையோ?"

"இல்லை. சரியான கோவம். இருக்கட்டும். கோவப்பட ஆள் உயிரோட இருக்கிறாள்தானே."

போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். மண்டபத்துக்குப் பின்னால் பார்க்கிங் இலவசம். ஆனால் டிக்கெட் வாங்குமுன் மேடைக்குப் பக்கத்தில் டாக்டரோ நர்ஸோ நிற்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டுவிட்டுக் காரைத் திருப்புங்கள்.